கடவுளிடம் மட்டும் சொன்னது

ஜூலை 6, திங்கள்

பொடிசுக்கு,

முலாம்காரர் என் மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கெடுத்துவிட்டார், அந்தக் கோபத்தில்தான் நான் அவர் பட்டறைக்குப் பூட்டுப் போட வைத்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவர் முலாம் பூசித் தந்த தண்டுகள் இரண்டும் என் அலமாரி மேல் இருக்கின்றன. ஒரு கீறல் இல்லை. அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடியும் கிடைக்கவில்லை.

மொட்டைக் கடிதம் போட்டேன் என்றும் சொல்கிறார்களாம். அதுவும் தவறு. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் அடியில் என் முழுப் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கின்றன. எழுபத்து நான்கு வயதில் மறைந்து நின்று கல் எறிய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிச் சுவருக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் அவர் தம் பட்டறையின் அமிலத் தண்ணீரைக் கொட்டிவந்தார். நான் எழுதினேன். ஜூன் 28, ஞாயிறன்று அதிகாரிகள் வந்து கையும் களவுமாகப் பிடித்தார்கள். போன வியாழக்கிழமை சீல் வைத்தார்கள். இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் வெள்ளிக்கிழமை நான் வகுப்பு எடுக்க வந்தபோது உன் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. “மதர் உங்களை உள்ள விட வேணாம்னுட்டாங்க டீச்சர். என் மேல கோபப்படாதீங்க, நான் சம்பளக்காரன்” என்றார். பையில் நாற்பது நாற்றுப் பைகளோடு வெயிலில் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள்.

படைப்பைப் பேணும் வகுப்பை எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டது நீதான். “அக்கா, பிள்ளைகளுக்கு மரம் நடக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், ஏன் நட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை” என்றாய். தண்ணீரையும் மண்ணையும் படைத்தவருக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக அந்த ஆறாம் வகுப்புக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதைச் செய்து காட்டியதும் கதவைச் சாத்துகிறாய்.

ஊரே உன்னை மதர் என்கிறது. எனக்கு வாய் வராது. உனக்குப் பேன் பார்த்தவள் நான். காரணத்தைச் சொல்.

உன் அக்கா

&nbsp;

ஜூலை 8, புதன்

அன்புள்ள அக்கா,

கேட்டை மூடச் சொன்னது நான்தான். காவலாளியைத் திட்டாதீர்கள், அவர் அன்றைக்கு மதியம் சாப்பிடவே இல்லை. உங்களைக் கண்டால் அவருக்கு இன்னும் பள்ளிக்கூடப் பயம்.

நேரில் வந்து பேசியிருக்கலாம். நேரில் உங்களோடு பேசி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்? அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அலுவலகத்துக்கு எழுதியதற்காகக் கதவைச் சாத்தவில்லை. அந்தத் தண்ணீர் நிற்க வேண்டியதுதான். விடுதிப் பிள்ளைகள் பாதிப் பேருக்குக் காலில் சொறி.

விஷயம் முலாம்காரரின் மகள். உங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சு, ஜன்னல் ஓரம். பட்டறைக்குச் சீல் வைத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வியாழன் மாலையே வீட்டுக்குப் போனேன். முன்பக்கம் பட்டறைக் கதவில் காகிதம் ஒட்டி அரக்கு வைத்திருந்தது. பின்பக்கமாகப் போனேன். அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முலாம்காரர் எழுந்து நின்றார், உட்காரவில்லை.

“மதர், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் பூசை நேரம், சுவர் திரும்புற இடம். இவ்வளவும் டீச்சர் எழுதுன லெட்டர்ல இருக்குன்னு ஆபீசர் சொன்னாரு. இது என்னையும் என் பொண்ணையும் தவிர வேற யாருக்கும் தெரியாது. இவ சொன்னாளா இல்லையா?”

“சொல்லலப்பா” என்றாள் அவள், அடுக்களையிலிருந்து.

“இதத்தான் நாலு நாளா சொல்றா” என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். “சாப்பாடு வச்சாச்சுன்னு அவகிட்ட சொல்லு” என்று மனைவியிடம் சொல்கிறார், அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். வந்து என்ன கேட்டாள் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன்.

“மதர், பாவச் சீட்டுல எழுதுனேன். வேற யார்கிட்டயும் சொல்லல. அதை டீச்சர் எங்க முன்னாடிதான் எரிச்சாங்க. சாம்பல்கூடப் பார்த்தேன். கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னாங்க. டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க. அப்போ கடவுள்தானே மதர் டீச்சர்கிட்ட சொல்லியிருக்கணும்?”

 முப்பத்தெட்டு வருடமாகத் துறவற உடுப்பு உடுத்துகிறேன் அக்கா, ஒரு பிள்ளை கேள்வி கேட்டு நான் செருப்பைத் தேடுவது போல் கீழே குனிந்தது இதுதான் முதல் தடவை.

அவள் உங்களைச் சந்தேகப்படவில்லை. நான் படுகிறேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அன்புடன்
தங்கை

&nbsp;

ஜூலை 9, வியாழன்

பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேட்பதைப் போல் கேட்டிருக்கிறாய்.

எனக்குக் கண் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் திங்கட்கிழமைதோறும் பச்சையாக இருப்பதை ஒரு வருடமாகப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தெரு வெறிச்சோடிக் கிடக்கும் நேரம் இரண்டாம் பூசை நேரம் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் ஒரு கிழவி வாய்க்கால் பக்கம் நடந்துபோனால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

நீ கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன. கோயில் பாத்திரங்களுக்கெல்லாம் முலாம்காரர் ஆண்டுதோறும் சும்மா முலாம் பூசித் தருகிறார். அந்த வேலையில் மிஞ்சிய தண்ணீர் எங்கே போகிறது என்று நீ ஒருநாள் கேட்டதுண்டா? நான் அறிந்தவரை இல்லை. விடுதியில் வாய்க்கால் பக்கத்து ஜன்னல்களை ஆணி அடித்து மூடச் சொன்னது யார்? நாற்றத்துக்கு ஜன்னலை மூடுவதைப் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுகிறேன். குழந்தை மனம், காலப்போக்கில் சரியாகிவிடும். வீட்டில் பேசாமல் இருப்பது அவள் அப்பாவின் தவறு, என்னுடையது அல்ல. அவரிடம் போய்ச் சொல்.

என் வகுப்பை எப்போது திரும்பத் தருவாய்? நாற்றுகள் வாடுகின்றன.

உன் அக்கா

&nbsp;

ஜூலை 11, சனி

அக்கா,

ஒரு கிழவி நடந்துபோனால் யாரும் கவனிக்கப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்துபோனேன் என்று எழுதவில்லை. உங்களுக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லாததால் எவ்வளவு சிரமப்பட்டு அந்த வாக்கியத்தை எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிகிறது.

நீங்கள் இரண்டாம் பூசைக்குத்தான் வருவீர்கள். இடதுபக்கம், மூன்றாம் வரிசை, மின்விசிறிக்குக் கீழே. அத்தான் போன பிறகு ஒன்பது வருடமாக ஒரு ஞாயிறுகூட அந்த இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறுகூட வந்தீர்கள்.

சீட்டுப் பெட்டி ஒரு வாரம் உங்கள் வீட்டில் இருந்தது. பிள்ளைகள் எழுதியது ஒரு வெள்ளி, நீங்கள் சிற்றாலயத்தில் வைத்து எரித்தது அடுத்த வெள்ளி. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஜன்னலைப் பற்றிச் சொன்னது உண்மை. அதற்கு நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், சொல்வேன்.

நேற்று மறுபடி போனேன். காலப்போக்கில் சரியாகும் என்றீர்களே. அவள் படுக்கைக்கு மேலே இருந்த இயேசு படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறாள். அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. “ஏம்மா இப்படி?” என்றேன்.

“அவரு கேட்டுட்டு இருப்பாரு மதர். நான் தூக்கத்துல பேசுவேன்.”

பதினோரு வயது அக்கா.

தங்கை

&nbsp;

ஜூலை 12, ஞாயிறு

பொடிசு,

இன்று பூசைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன், எழுதுவதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

சீட்டுகளை நான் படித்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. நம் மடத்துப் பள்ளியில் பெரிய சிஸ்டர் நம்மை ஆத்தும சோதனை எழுத வைத்து எரிப்பார்களே, அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கும் வைத்தேன். தண்ணீருக்கும் மரத்துக்கும் உயிர்களுக்கும் இந்த மாதம் நான் செய்த தீங்கு என்ன. பெயர் வேண்டாம், நான்காக மடித்துப் பெட்டியில் போடுங்கள், எரித்து ஆண்டவருக்கு அனுப்புவோம் என்றேன். பின்பெஞ்சில் சிலர் சிரித்துக்கொண்டே மடித்தார்கள். வெற்றுத்தாளைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு உறுதி. வெற்றுத்தாளை எரித்து ஆண்டவருக்குக் காட்டுவதா? அதைப் பொறுக்க முடியவில்லை. எத்தனை வெற்றுத்தாள் என்று பார்ப்பதற்காகத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்து நான்கில் நான்கு வெற்றுத்தாள். ஒன்றில் பூனைப் படம். ஒருவன் பல் துலக்கும்போது குழாயை மூடவில்லை, ஒருத்தி எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றினாள். பிறகு இது:

“ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை நேரத்தில் அப்பா வாய்க்காலில் பச்சைத் தண்ணி ஊத்தும்போது யாராவது வந்தால் இருமுவதற்காக நான் சுவர் திரும்பும் இடத்தில் நின்றேன். மீன் செத்து மிதந்தது. அப்பாவுக்கு வேற இடம் இல்லை. இது என் பாவம். ஆண்டவரே என்னை மன்னியும்.”

முப்பது நாட்களாக இதை மறக்க முயல்கிறேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

கையெழுத்து யாருடையது என்று பார்த்ததும் தெரிந்தது. இரண்டாம் பூசை முடிந்ததும் நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்புக்கு அவள் ஒவ்வொரு ஞாயிறும் தாமதமாக வருவாள். நான் வாசலில் நிற்க வைப்பேன். “கடவுளுக்கு நேரம் ஒதுக்கத் தெரியாதவளுக்கு உட்கார இடம் எதற்கு?” என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கிறேன். ஏன் தாமதம் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அன்று மாலையே கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அது எழுதத் தகுந்த கடிதம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண் பெயர் அதில் இல்லை, ஆகவே நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். அவளைக் காட்டிக்கொடுக்க இடமும் நேரமும் போதாதா, பெயர் எதற்கு? அது எனக்கு உறைக்கவில்லை. சரியாக எழுத வேண்டும் என்ற ஒரே எண்ணம்.

மன்னிக்க முடியாதது அடுத்த வெள்ளிக்கிழமை. கடிதம் போய் ஒரு வாரம் ஆயிற்று. சிற்றாலயத்தில் தட்டில் சீட்டுகளை வைத்து எரித்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து, “இனி இது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்” என்று சொன்னேன். யாரும் கேட்காமலேயே சொன்னேன். அவளும் முன்வரிசையில் நின்றாள்.

பங்குத்தந்தையிடம் நேற்று மாலை பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று வாரமாக வரிசையில் நின்று இதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுச் சொன்னேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் படம் இன்னும் சுவர் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

ஒரு உதவி கேட்கிறேன். நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை. நீ போய் அவளிடம் சொல்லிவிடு. டீச்சர் தவறுதலாகப் படித்துவிட்டார் என்று சொல். நீ சொன்னால் நம்புவாள்.

அக்கா

&nbsp;

ஜூலை 14, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஜெப அறையில் வைத்துப் படித்தேன். அழுதேன். அதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

ஆனால் நான் போய்ச் சொல்ல மாட்டேன். “தவறுதலாக” என்ற வார்த்தையை என் கையில் கொடுத்து அனுப்பப் பார்க்கிறீர்கள். நீங்கள் தவறுதலாகப் படிக்கவில்லை. ஐந்து வரியில் முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். உங்களிடம் படித்த பிள்ளை இப்படி ஒரு காரணம் சொன்னால் விட்டிருப்பீர்களா?

நீங்களே போக வேண்டும். முதலில் அவள் அப்பாவிடம். வாய்க்காலைப் பற்றி அவருக்கு ஒரு வரிகூட உபதேசம் செய்யக் கூடாது. அதைச் செய்ய அலுவலகம் இருக்கிறது. உங்களால் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். ஜன்னல்களுக்கு ஆணி அடிக்கச் சொன்னது நான்தான். இரண்டு வருடம் முன்பு முலாம்காரரே என்னிடம் வந்து, “மதர், இந்தத் தண்ணிய எங்க ஊத்துறதுன்னு கேட்டு நகராட்சிக்கு ஒரு லெட்டர் போடுங்க, நான் போட்டா குப்பையில போடுவாங்க” என்றார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. கோயில் திருவிழா வேலை, தேர்வு, ஏதோ ஒன்று. அந்தச் சீட்டில் “அப்பாவுக்கு வேற இடம் இல்லை” என்று அவள் எழுதியிருக்கிறாளே, அதைப் படித்ததும் பேனாவை எடுத்தேன். நேற்று நகராட்சிக்கு எழுதி, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து விசாரித்தேன். பட்டறைகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி பக்கத்து ஊரில் இருக்கிறதாம். அதைக் கேட்க எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

வகுப்பை இப்போதைக்குத் தர மாட்டேன். அக்காவுக்குத் தங்கையாக இல்லை, பள்ளித் தலைமையாகச் சொல்கிறேன். முப்பத்து நான்கு பிள்ளைகள் உங்களை நம்பி மடித்துப் போட்டார்கள்.

பேன் பார்த்தவர் என்பதற்காகவும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கை

&nbsp;

ஜூலை 16, வியாழன்

பொடிசுக்கு,

நேற்று மாலை போய்வந்தேன்.

பின்வாசலில் முலாம்காரர் ஒரு பித்தளைக் குழாயைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத கை சும்மா இருக்க முடியாமல் தேய்க்கிறது என்று பட்டது. என்னைப் பார்த்ததும், “இன்னும் என்ன டீச்சர் மிச்சம் இருக்கு, வீட்டுக்கும் சீல் வைக்கணுமா?” என்றார். அவர் மனைவி, “சும்மா இருங்க, வயசானவங்க” என்றார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

வழியெல்லாம் நான் தயாரித்துக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. “உங்கள் பெண் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கடவுளுக்கு எழுதியதை நான் திருட்டுத்தனமாகப் படித்தேன்” என்றேன். திருட்டு என்ற அந்தச் சொல்லைச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். “கடவுளுக்கு என்னத்த எழுதினா?”

“மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.”

“எதுக்கு? ஊத்துனது நானு.”

“காவல் நின்றதற்கு. அது தன் பாவம் என்று எழுதினாள். அப்பாவுக்கு வேறு இடம் இல்லை என்றும் எழுதினாள்.”

அவர் அந்தக் குழாயைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் குனிந்தபடியே இருந்தார். பிறகு உள்ளே பார்த்து, “ஏய், இங்க வா” என்றார். பதினேழு நாளில் அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதில் தெரிந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேயே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடமும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன், எரித்த நாளில் சொன்ன பொய்யையும் சேர்த்து. நீ பயந்தபடி உபதேசம் எதுவும் செய்யவில்லை. செய்ய என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அவள் அழவில்லை. நான் வகுப்பில் கேள்வி கேட்பதைப் போலவே கேட்டாள்.

“அப்போ கடவுள் சொல்லலையா?”

“சொல்லவில்லை.”

“நீங்க படிக்கும்போது அவர் ஏன் டீச்சர் தடுக்கல?”

ஐம்பது வருடம் வேதபாடம் நடத்தியிருக்கிறேன். இதற்கு விடை என்று மனப்பாடமாக நான்கு வாக்கியங்கள் வைத்திருக்கிறேன். ஒன்றையும் சொல்லத் துணிவில்லை. தெரியவில்லை என்றேன். அதற்கு அவள் தலையசைத்தாள். அந்த ஒன்றை மட்டும் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

பிறகு, “எல்லாரோடதும் படிச்சீங்களா?” என்றாள்.

“ஆமாம்.”

“அப்போ எல்லார்கிட்டயும் சொல்லணும்.”

“விடும்மா, அதான் வீடு தேடி வந்து சொல்லிட்டாங்கல்ல” என்றார் முலாம்காரர். அவள் கேட்கவில்லை. நான் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னால் பள்ளிக்கு வருவாளாம். வந்து கேட்ட பிறகு தொடர்ந்து வருவாளா, என் முகத்தைப் பார்ப்பாளா, ஜெபம் சொல்வாளா என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன்” என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் சொன்னாள்:

“மதர் எழுதிக் குடுத்தா நம்புறேன் டீச்சர்.”

முலாம்காரர் அதட்டினார். வேண்டாம், அவள் சொல்வது சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேரும்வரை நிமிர்ந்துதான் நடந்தேன். கதவைத் தாழிட்ட பிறகு கொஞ்ச நேரம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். நாளை கடைசி பீரியட், கால் மணி நேரம், ஆறாம் வகுப்பில் எனக்குக் கொடு. வகுப்பை மீண்டும் தா என்று கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் நிற்க மாட்டேன், நாற்காலி வேண்டாம். நீ கூட இரு. பிள்ளைகள் என்ன கேட்டாலும் அவர்களைத் தடுக்காதே.

அனுமதி உண்டு, இல்லை, எதுவானாலும் இன்று மாலைக்குள் எழுத்தில் பதில் தா. எனக்கு அனுப்ப வேண்டாம். அவள் பெயருக்கு எழுதி அவள் கையில் கொடு.

அக்கா